மோட்டார்ச் சைக்கிளையும் இருசில்லு உழவு இயந்திரத்தையும் நியூட்ரலில் இயக்கத் தொடங்குதல்

தீவுப்பகுதிக் கமக்காரருக்கு ஒரு விளக்கம்

முன்னுரை

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியிற் கமஞ் செய்வோருக்கு முற்காலத்தில் மண்வெட்டியும் துலாவும் மாட்டுவண்டியும் எவ்வாறு இன்றியமையாதனவாக இருந்தனவோ, அவ்வாறே இன்று நீரிறைக்கும் இயந்திரமும் மோட்டார்ச் சைக்கிளும் இருசில்லு உழவு இயந்திரமும் அமைந்துள்ளன. வேலணையிலும் புங்குடுதீவிலும் தோட்டஞ் செய்யும் சிறு கமக்காரர் பலர் கத்தரி, மிளகாய், வெங்காயம், பூசணி முதலியவற்றைத் தம் மோட்டார்ச் சைக்கிளிற் கட்டிப் பண்ணைப் பாலத்தின் வழியாக யாழ்ப்பாணச் சந்தைக்குக் கொண்டு செல்வர். நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உள்ளோர் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்தே தரைவழியைச் சேர்தல் வேண்டும். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையிலுள்ள கடலைப் பாதை எனப்படும் மிதவையிற் கடப்பர்.

இவ்வாறு நாடோறும் கையாளப்படும் ஓர் இயந்திரத்தினால் நேரும் விபத்துக்கள் யாவும் வேகமாக ஓட்டும்போதே நேர்வன என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் அந்த ஒரு கணத்திலேயே காலை நசுக்கிக்கொண்டோரும், முன்னே நின்றவர்மீது வண்டியைச் செலுத்திவிட்டோரும், உழவு இயந்திரத்தின் கத்திகளில் அகப்பட்டோரும் உளர். இவ்விபத்துக்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றே: கியர் விழுந்திருப்பதை அறியாது எஞ்சினை இயக்குதல். காலபோகத்தின் தொடக்கத்திற் கமக்காரனின் காலில் ஓர் எலும்பு முறியுமாயின் அவ்வாண்டின் விதைப்பே தவறிவிடும். ஆதலால் இதனை அற்பமான காரியமென்று கருதுதல் கூடாது.

எஞ்சினை நியூட்ரலில் இயக்குவதற்கும் கியரில் இயக்குவதற்கும் உள்ள வேறுபாடு யாது, கியரில் இயக்குதல் எப்போது தகும், எப்போது தகாது என்பன இங்கே விளக்கப்படுகின்றன.

1. நியூட்ரல் என்பது யாது?

எஞ்சினிலே பிறக்கும் சுழற்சி பின்சில்லைச் சென்றடைவதற்கு இரண்டு வாயில்களைக் கடத்தல் வேண்டும். முதலாவது கிளச், இரண்டாவது கியர்ப் பெட்டி. அதற்கப்பாற் சங்கிலி சுழற்சியைச் சில்லுக்குக் கொண்டு செல்லும்.

கிளச் என்பது ஒன்றோடொன்று நெருக்கப்பட்ட தட்டுகளின் அடுக்கு. கைப்பிடியிலுள்ள கிளச் பிடியை இழுக்கும்போது வில்லுகளின் அழுத்தம் நீங்கித் தட்டுகள் பிரிகின்றன. சுழற்சி அவ்விடத்தில் அறுபடுகின்றது. பிடியை விட்டவுடன் தட்டுகள் மீண்டும் நெருங்கிச் சுழற்சியைக் கடத்துகின்றன.

கியர்ப் பெட்டியில் இரு தண்டுகளும் அவற்றிற் பூட்டப்பட்ட பற்சில்லுகளும் உள்ளன. ஒரு கியரைப் போடும்போது, ஒரு சோடிப் பற்சில்லுகள் இரு தண்டுகளையும் பிணைத்துவிடுகின்றன. எந்தச் சோடியும் பிணைக்கப்படாதிருக்கும் நிலையே நியூட்ரல். அந்நிலையில் எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் சில்லுக்கு அச்சுழற்சி செல்லாது.

கிணற்று நீர் தோட்டத்துக்குப் பாயும் வாய்க்காலை எண்ணிப் பார்த்தால் இது தெளிவாகும். கிளச் என்பது கையால் மண்ணை அணைத்து வாயை அடைப்பது போன்றது. கை வழுவினால் நீர் பாய்ந்துவிடும். நியூட்ரல் என்பது வாய்க்காலையே வெட்டி வேறாக்கியது போன்றது. அங்கே கை வழுவுதற்கு இடமில்லை. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மனத்திற் கொள்வோர் கீழே கூறப்படுவன யாவற்றையும் எளிதிற் புரிந்துகொள்வர்.

2. எஞ்சின் ஏன் சுமையின்றித் தொடங்குதல் வேண்டும்?

நின்ற எஞ்சினுக்குத் தன்வலி இல்லை. காலால் உதைத்தோ பற்றரியின் மின்னாலோ அதனைச் சில சுற்றுகள் சுழற்றிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு சுழற்றும்போது, உருளையினுள்ளே இருக்கும் காற்றையும் பெற்றோல் ஆவியையும் பிஸ்டன் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காக நெருக்குதல் வேண்டும். காலுக்குத் தோன்றும் தடை இதுவே. இந்த வேலை ஒன்றே கால்வலிக்கும் பற்றரிக்கும் போதியது. கியரும் விழுந்து கிளச்சும் பூட்டியிருந்தால், எஞ்சினோடு வண்டி, ஓட்டுபவர், பின்னே கட்டிய காய்கறி மூடை ஆகிய யாவற்றையும் அசைத்தல் வேண்டியதாகும். எஞ்சின் இயங்காது, அல்லது இயங்கிய அக்கணமே வண்டி முன்னே பாயும்.

தோட்டத்தில் நீரிறைக்கும் மண்ணெண்ணெய் எஞ்சினை முதலிற் சிறிது பெற்றோலில் இயக்கிச் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதைக் கமக்காரர் அறிவர். தொடக்கத்தில் எஞ்சினுக்கு எளிய வேலையைக் கொடுத்துப் பின்னரே கடிய வேலையைக் கொடுத்தல் என்பதே அங்கும் முறை. நியூட்ரலில் இயக்குதலும் அம்முறையைச் சார்ந்ததே.

3. உதைக்கும் அமைப்பு இருவகைப்படும்

கியரில் வைத்துக் கிளச் பிடியை இழுத்துக்கொண்டு உதைத்தால் சில வண்டிகள் இயங்குகின்றன, சில இயங்குவதில்லை. இதனால் ஒருவர் கூறுவதை மற்றவர் மறுத்து வாதிடுவதும் உண்டு. இருவர் கூற்றும் உண்மையே. வேறுபாடு வண்டியின் அமைப்பிலேயே உள்ளது.

முதல் வகையில், உதைமிதியின் சுழற்சி கியர்ப் பெட்டியின் தண்டுக்குச் சென்று, அங்கிருந்து கிளச்சின் வழியாகவே எஞ்சினைச் சென்றடையும். இதிற் கிளச் பிடியை இழுத்தால் உதையின் வலி எஞ்சினை அடையாது. மிதி வெறுமனே கீழிறங்கும். பிடியை இழுக்காது கியரில் உதைத்தால் வண்டியே நகர முயலும். ஆகவே இவ்வகை வண்டியை நியூட்ரலில், கிளச் பிடியை விட்ட நிலையிலேயே உதைத்தல் வேண்டும். பழைய ஆங்கில வண்டிகளும் ரோயல் என்பீல்ட் புல்லட்டும் இவ்வகையின.

இரண்டாவது வகையில், உதைமிதி கிளச்சின் வெளிக்கூட்டோடு பிணைக்கப்பட்டுள்ளது. அவ்வெளிக்கூடு எஞ்சினோடு எப்போதும் தொடர்புடையது. ஆதலாற் கிளச் பிடியை இழுத்துப் பிடித்தால் எந்தக் கியரிலும் எஞ்சினை உதைத்து இயக்கலாம். பிற்காலத்து வண்டிகள் பல இவ்வகையின.

தம் வண்டி எவ்வகையினது என்பதை அறிதல் எளிது. திறப்பை மூடி, வண்டியை நியூட்ரலில் நடுத்தாங்கியில் நிறுத்திக் கிளச் பிடியை முழுதும் இழுத்துக்கொண்டு மிதியைக் கையால் மெல்ல அழுத்துதல் வேண்டும். எஞ்சினின் நெருக்கத் தடை தோன்றினால் அது இரண்டாவது வகை. தடையின்றி மிதி இறங்கினால் அது முதல் வகை.

இவையன்றி மூன்றாவதாக ஒன்றுண்டு. ஹோண்டா நிறுவனத்தார் 1958 இல் வெளியிட்ட சுப்பர் கப் என்னும் வண்டியிற் கிளச் பிடியே இல்லை. எஞ்சினின் வேகம் கூடும்போது கிளச் தானாகவே பூட்டிக்கொள்ளும். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பெருவழக்காயிருந்த எம். டி. 90 இவ்வழி வந்ததே. இவ்வகை வண்டியைக் கியரில் வைத்து இயக்குவோருக்குக் கையிற் காவல் எதுவுமில்லை. முறுக்குப்பிடி சிறிது திறந்திருந்தாலும் எஞ்சின் கிளம்பியவுடன் கிளச் பூட்டி வண்டி ஓடும். ஆகவே இவற்றை நியூட்ரலிலன்றி ஒருபோதும் இயக்குதலாகாது.

கியர் மிதியில்லாத ஸ்கூட்டர்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அவற்றில் நியூட்ரல் என ஒரு நிலை இல்லாமையாற் பின் பிறேக்கை இறுகப் பிடித்துக்கொண்டே இயக்குதல் வேண்டும்.

4. கியரில் இயங்கினால் வண்டி எவ்வளவு தூரம் பாயும்?

சிறு மோட்டார்ச் சைக்கிள் ஒன்றில் முதற் கியர் போடப்பட்டிருக்கும்போது, எஞ்சின் ஏறக்குறைய 30 சுற்றுச் சுற்றினாற் பின்சில்லு ஒரு சுற்றுச் சுற்றும். எஞ்சின் ஓய்வுவேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,400 சுற்றுச் சுற்றுகின்றது. ஆகவே பின்சில்லு நிமிடத்துக்கு 46 அல்லது 47 முறை சுற்றும். சில்லின் சுற்றளவு ஏறக்குறைய 1.8 மீற்றர். இவற்றைப் பெருக்கினால் வண்டி நிமிடத்துக்கு 84 மீற்றர், அதாவது ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 1.4 மீற்றர் செல்லும் எனத் தெரியவரும்.

இது முறுக்குப்பிடியைச் சற்றும் திறவாத நிலையிலுள்ள கணக்கு. குளிர்ந்த எஞ்சினை இயக்கும்போது சோக்கை இழுப்பதாலோ முறுக்குப்பிடியைத் திருகுவதாலோ வேகம் இருமடங்காதலும் கூடும். வண்டி பாய்ந்தவுடன் திடுக்குற்ற கை முறுக்குப்பிடியை இன்னும் இறுகப் பற்றித் திருகிவிடுதல் மனித இயல்பு. பிறேக்கைப் பிடிக்க வேண்டுமென்று எண்ணுவதற்குள் இரண்டு செக்கன் கழிந்துவிடும். ஓய்வுவேகத்திலேயே வண்டி ஒன்பது அடிக்கு மேல் நகர்ந்திருக்கும். வீட்டு முற்றத்தில் ஒன்பது அடிக்குள் குழந்தை நிற்கலாம். இறங்குதுறையில் ஒன்பது அடிக்குள் கடல் இருக்கின்றது.

5. கிளச் பிடியை இழுத்தால் மட்டும் போதாதா?

கிளச் பிடியை இழுத்தபின் கியர் விழுந்திருந்தாலென்ன என்று சிலர் கேட்பர். கிளச் செவ்வையாக இருக்கும்போது அவ்வாறு கேட்பது நியாயமே. ஆனால் மூன்று காரணங்களாற் கிளச்சை முற்றாக நம்புதல் இயலாது.

முதலாவது, பெரும்பாலான மோட்டார்ச் சைக்கிள்களின் கிளச் எண்ணெயில் தோய்ந்திருப்பது. வண்டி பலநாள் நின்றபின் தட்டுகளுக்கிடையிலுள்ள எண்ணெய் தடித்து அவற்றை ஒட்டவைத்துவிடும். பிடியை இழுத்தாலும் தட்டுகள் உடனே பிரியமாட்டா. காலையில் முதன்முறை இயக்கும்போது இக்குறை மிகுதியாகத் தோன்றும்.

இரண்டாவது, கிளச் கம்பி. தீவுப்பகுதியிற் சோழகக் காற்றும் வாடைக் காற்றும் கடலின் உப்பை ஓயாது கரைக்கு வீசுகின்றன. உறையினுள்ளே கம்பி துருவேறி இறுகுவதும், நூலிழைகள் ஒவ்வொன்றாக அறுவதும், நீண்டு தளர்வதும் இதனால் விரைவில் நேரும். தளர்ந்த கம்பியிற் பிடியை முழுதும் இழுத்தாலும் தட்டுகள் பாதியே பிரியும். எஞ்சினைக் கிளப்பும் வேளையில் நைந்த கம்பி அறுமாயின் கிளச் உடனே பூட்டிக்கொள்ளும்.

மூன்றாவது, ஓட்டுபவரின் கை. வியர்வையோ மழைநீரோ பட்ட கை வழுவுதல் எளிது. மூடை கட்டிய வண்டி ஒருபுறம் சாயும்போது அதனைத் தாங்குதற்காகக் கை தானாகவே பிடியை விட்டுவிடும்.

ஆகவே நியூட்ரலே முதற் காவல். கிளச் இரண்டாவது காவல். மின்னால் இயக்கும் வண்டியிலும், மேலே கூறிய இரண்டாவது வகை உதைமிதி உள்ள வண்டியிலும் நியூட்ரலில் வைத்ததன் மேலும் கிளச் பிடியை இழுத்துக்கொண்டு இயக்குதல் மிக நன்று. நியூட்ரலென்று கருதியது தவறாயினும் வண்டி உடனே பாயாது. அன்றியும், கியர்ப் பெட்டியிலுள்ள குளிர்ந்த எண்ணெயைக் கலக்கும் வேலை நீங்குவதாற் பற்றரிக்கும் சுமை குறையும்.

6. நியூட்ரலில் உள்ளதா என்று அறியும் முறை

பச்சை விளக்கு எரிந்தால் நியூட்ரல் என்று கொள்வது வழக்கம். ஆயினும் அவ்விளக்கை இயக்கும் மின்தொடுகை கியர்ப் பெட்டியின் பக்கத்திலே உள்ளது. உப்புக்காற்றினாலும் சேற்றினாலும் அதன் வயர் பழுதுற்றால், நியூட்ரலில் விளக்கு எரியாதிருத்தலும், வயர் தேய்ந்து வண்டியின் இரும்பிற் படுமாயின் கியரிலும் எரிதலும் கூடும். ஆதலால் விளக்கைக் கண்ணாற் பார்த்தபின் வண்டியைக் கையாற் சோதித்தல் வேண்டும். கிளச் பிடியை விட்டபடியே வண்டியை ஓரடி முன்னும் ஓரடி பின்னும் தள்ளிப் பார்த்தல் வேண்டும். தடையின்றி உருண்டால் நியூட்ரல். பின்சில்லு இறுகி நின்றாற் கியர் விழுந்துள்ளது. இச்சோதனைக்கு ஐந்து செக்கன் போதும்.

வண்டி நிற்கும்போது நியூட்ரல் எளிதில் விழாதாயின் மிதியைப் பலமாக உதைத்தல் கூடாது. கிளச் பிடியை இழுத்து வண்டியை முன்னும் பின்னும் சிறிது அசைத்துக்கொண்டே மிதியை மெல்ல நகர்த்தினாற் பற்சில்லுகள் தாமாகவே விலகும். சில வண்டிகளில் நியூட்ரல் முதற் கியருக்கும் இரண்டாங் கியருக்கும் இடையிலும், சிலவற்றிற் கியர்கள் எல்லாவற்றுக்கும் முன்னதாகவும் அமைந்திருக்கும். இரவல் வண்டியை எடுப்போர் இதனை முதலிற் கேட்டறிதல் வேண்டும்.

7. கியரில் வைத்தல் எப்போது நன்மை தரும்?

வண்டியை நிறுத்தி வைத்திருக்கும்போது கியரில் விடுதல் நன்மையானது. நின்ற எஞ்சின் பின்சில்லை உருளவிடாது பிடித்துக்கொள்ளும். ஊர்காவற்றுறைப் பாதையில் வண்டியை ஏற்றியபின்னரும், சாய்வான இடத்தில் நிறுத்தும்போதும் முதற் கியரில் விட்டால் வண்டி உருளாது. நெடுந்தீவுக்கு வள்ளத்தில் ஏற்றும்போது இதனோடு கயிற்றினாலும் கட்டுதல் வேண்டும்.

ஆனால் இந்த நன்மையே பின்னர் ஆபத்துக்கும் காரணமாகின்றது. கடலைக் கடந்து கரையேறியவர், ஏற்றும்போது கியரில் விட்டதை மறந்து, ஆட்களும் மூடைகளும் நெருங்கிய இறங்குதுறையிலே உதைத்துவிடுவர். ஆகவே பாதையிலோ வள்ளத்திலோ இறங்குதுறையின் விளிம்பிலோ எஞ்சினை இயக்குதல் கூடாது. வண்டியை நியூட்ரலுக்கு மாற்றித் தள்ளிக்கொண்டு தெருவுக்கு வந்து, அதன் முகத்தைக் கடலுக்குப் புறம்பாகத் திருப்பியபின்னரே இயக்குதல் வேண்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டாற் கியரில் வைத்தே மீண்டும் இயக்குதல் சில வேளைகளில் தகும். பண்ணைப் பாலத்திலோ புங்குடுதீவுக்குச் செல்லும் வாணர் பாலத்திலோ பின்னே பஸ் வரும்போது நியூட்ரலைத் தேடிக்கொண்டிருத்தல் இயலாது. ஏற்றத்தில் எஞ்சின் நின்றாலும் நியூட்ரலிற் போட்டவுடன் வண்டி பின்னோக்கி உருளும். அப்போது முன் பிறேக்கை இறுகப் பிடித்து, கிளச் பிடியை முழுதும் இழுத்து, முறுக்குப்பிடியை மூடி, மின் பொத்தானாலோ இரண்டாவது வகை உதைமிதியாலோ இயக்கலாம். எஞ்சின் அப்போதுதான் ஓடிச் சூடேறியிருப்பதாற் கிளச் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் குறைவு. நேரமிருப்பின் தெருவோரத்துக்குத் தள்ளி நியூட்ரலில் இயக்குதலே மேலானது.

8. தள்ளி இயக்குதல்

பற்றரி வலுவிழந்து, உதைத்தும் எஞ்சின் இயங்காதபோது வண்டியைத் தள்ளி இயக்குவர். 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிற் பெற்றோல் அருகியிருந்த காலத்தில் மோட்டார்ச் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாமையாற் சிறிதளவு பெற்றோலைக் கொண்டு தொடங்கிவைப்பதும், உதைத்தும் தள்ளியும் பாடுபடுவதும் அக்காலத்திற் பலரும் பழகிய காரியம். தள்ளி இயக்குதலிற் கியர் இன்றியமையாதது. சில்லின் சுழற்சியே சங்கிலியின் வழியாகவும் கியரின் வழியாகவும் திரும்பிச் சென்று எஞ்சினைச் சுழற்றுதல் வேண்டும்.

இதற்கு முதற் கியர் ஏற்றதன்று. முதற் கியரில் ஒரு சில்லுச் சுற்றுக்கு எஞ்சின் 30 சுற்றுச் சுற்ற வேண்டியிருப்பதாற் சில்லு இறுகி மணலில் இழுபடும். இரண்டாங் கியரில் அத்தடை குறையும். திறப்பைத் திருப்பி, இரண்டாங் கியரிற் போட்டு, கிளச் பிடியை இழுத்தபடி வண்டியை ஓட்டமாகத் தள்ளி, வேகம் வந்தவுடன் பிடியை விடுதல் வேண்டும். எஞ்சின் பிடித்தவுடன் கிளச்சை மீண்டும் இழுத்து நியூட்ரலுக்கு மாற்றுதல் வேண்டும்.

மூடை கட்டிய வண்டியை இவ்வாறு தள்ளுதல் ஆகாது. ஒருவர் ஆசனத்தில் அமர மற்றொருவர் பின்னின்று தள்ளுதலே பாதுகாப்பானது. முன்னே நீண்ட வெளியிடம் இருத்தல் வேண்டும். கியர் மிதியில்லாத ஸ்கூட்டரை இம்முறையால் இயக்க முடியாது.

9. இருசில்லு உழவு இயந்திரம்

1950களில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010) இருசில்லு உழவு இயந்திரத்தின் வளர்ச்சியில் ஈடுபட்டார். இங்கிலாந்தின் லாண்ட்மாஸ்டர் நிறுவனம் அவ்வியந்திரத்தை ஆக்கி விற்றது. அதன் பின்னர் வேறு நாடுகளில் ஆக்கப்பட்ட இயந்திரங்கள் பல வந்தபோதிலும், மக்கள் நாவில் அவை எல்லாம் லாண்ட்மாஸ்டர் என்ற பெயரையே பெற்றுவிட்டன.

மோட்டார்ச் சைக்கிளைக் கியரில் இயக்குதல் சில வேளைகளில் தகும் என மேலே கூறப்பட்டது. இருசில்லு உழவு இயந்திரத்துக்கு அத்தகைய விதிவிலக்கு ஒன்றேனும் இல்லை. காரணம் பின்வருமாறு: மோட்டார்ச் சைக்கிளை இயக்குபவர் அதன்மேல் அமர்ந்து கிளச்சையும் பிறேக்கையும் கையிற் பிடித்துள்ளார். உழவு இயந்திரத்தின் டீசல் எஞ்சினைக் கைப்பிடி கொண்டு சுழற்றுபவரோ, கிளச் நெம்புகோலிலிருந்து விலகி, எஞ்சினின் பக்கத்திலே குனிந்து நிற்கின்றார். இயந்திரம் நகரத் தொடங்கினால் அதனை நிறுத்துங் கருவி அவர் கைக்கு எட்டாது. எஞ்சினோ முன்னே இருக்கின்றது. சில்லு அவர் காலை நோக்கியே வரும்.

சுழல்கலப்பை பூட்டப்பட்டிருந்தால் ஆபத்து மேலும் பெரிது. சில்லுகளின் கியர் நியூட்ரலில் இருந்தாலும் சுழல்கலப்பையின் நெம்புகோல் பூட்டிய நிலையில் இருக்குமாயின், எஞ்சின் கிளம்பியவுடன் கத்திகள் சுழன்று, நிலத்தைப் பற்றி, இயந்திரத்தை முன்னே உந்தும். ஆகவே உழவு இயந்திரத்திற் பார்க்கவேண்டிய நியூட்ரல் ஒன்றன்று, இரண்டு என்பதைக் கமக்காரர் மறத்தலாகாது.

தீவுப்பகுதியில் நெற்செய்கை மாரி மழையை நம்பியே செய்யப்படுவது. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் உழுதபின் உழவு இயந்திரம் பலமாதம் கொட்டிலில் நிற்கும். அடுத்த ஆண்டு முதல் மழையைக் கண்டவுடன் அவசரமாக வெளியே எடுக்கும் அந்நாளே ஆபத்து மிகுந்த நாள். நெம்புகோல்கள் துருவேறி இறுகியிருக்கும். நியூட்ரலுக்கு வந்தது போலத் தோன்றி வாராதிருக்கும். சென்ற ஆண்டு யார் எந்நிலையில் விட்டனர் என்பதும் நினைவில் இராது. அவ்வேளையில் இயக்கும் முறை வருமாறு:

(அ) இயந்திரத்தைக் கொட்டிலுக்கு வெளியே சமநிலத்துக்குத் தள்ளிக் கொணர்தல் வேண்டும். தள்ள உருளாதாயின் கியர் விழுந்துள்ளதென அறிந்து அதனை முதலில் விடுவித்தல் வேண்டும்.

(ஆ) பிரதான கிளச் நெம்புகோலைப் பூட்டு நீங்கிய நிலையிலும், பிறேக் நிலை இருப்பின் அந்நிலையிலும் வைத்தல் வேண்டும்.

(இ) கியர் நெம்புகோலையும் சுழல்கலப்பையின் நெம்புகோலையும் நியூட்ரலில் வைத்து, இரண்டையும் கையால் அசைத்துப் பார்த்தல் வேண்டும்.

(ஈ) முன்னும் பின்னும் ஒருவரும் நில்லாதபடி விலக்குதல் வேண்டும். சிறுவரைக் கிட்ட வரவிடலாகாது. உடுத்த சாரத்தை மடித்து இறுகக் கட்டுதல் வேண்டும். தொங்கும் சால்வை ஆகாது.

(உ) இயந்திரத்தின் முன்னே நின்று சுழற்றுதல் கூடாது. பக்கத்திலேயே நிற்றல் வேண்டும். டீசல் எஞ்சின் காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்காக நெருக்குவதால் அதன் தடை மிகப் பெரிது. ஆதலால் நெருக்கம் நீக்கும் நெம்புகோலை ஒரு கையால் உயர்த்தி, மறு கையால் வேகமாகச் சுழற்றி, வேகம் வந்தபின் நெம்புகோலை விடுதல் வேண்டும். கைப்பிடியைப் பற்றும்போது பெருவிரல் மற்றை விரல்களின் பக்கமே இருத்தல் வேண்டும். எஞ்சின் எதிர்த்து அடிக்குமாயின் கைப்பிடி விரலை முறிக்காது வழுவிச் செல்லும்.

(ஊ) எஞ்சின் சீராக ஓடியபின், கைப்பிடியை எடுத்து வைத்துவிட்டு, இயந்திரத்தின் பின்னே வந்து நின்று, அதன் பின்னரே கியரைப் போடுதல் வேண்டும்.

10. உப்புக்காற்றுள்ள இடத்திற் பராமரிப்பு

கிளச் கம்பியின் இரு முனைகளுக்கும் மாதம் ஒருமுறை எண்ணெய் விடுதல் வேண்டும். ஓர் இழையேனும் அறுந்திருக்கக் கண்டாற் கம்பியை மாற்றிவிடுதலே தகும். முழுதும் அறும்வரை காத்திருத்தல் ஆகாது. கிளச் பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீற்றர்வரை தளர்ச்சி இருத்தல் வேண்டும். அதனிற் கூடினாற் கிளச் முற்றாகப் பிரியாது. அதனிற் குறைந்தால் முற்றாகப் பூட்டாது வழுக்கித் தட்டுகள் தேய்ந்துபோம்.

பலநாள் நின்ற வண்டியின் கிளச்சைச் சோதிப்பதற்கு, எஞ்சின் ஓடாத நிலையில் வண்டியை முதற் கியரிற் போட்டு, பிடியை முழுதும் இழுத்து முன்னும் பின்னும் தள்ளுதல் வேண்டும். முதலில் இறுகி நின்று பின்னர் உருண்டால், ஒட்டியிருந்த தட்டுகள் பிரிந்தன என்பது பொருள். பலமுறை தள்ளியும் உருளாதாயின் கிளச்சைத் திருத்துவித்தபின்னரே வண்டியை எடுத்தல் வேண்டும்.

இறங்குதுறையிலும் பாதையிலும் உப்புநீர் தெறித்த வண்டியை அன்றே நன்னீராற் கழுவித் துடைத்தல் நன்று. உழவு இயந்திரத்தைக் கொட்டிலில் விடுமுன் கிளச், கியர், சுழல்கலப்பை ஆகியவற்றின் நெம்புகோல் மூட்டுகளுக்குக் கிறீஸ் பூசி, யாவற்றையும் நியூட்ரலில் விடுதல் வேண்டும்.

11. மனத்திற் கொள்ளவேண்டியவை

1. எந்நாளும் நியூட்ரலிலேயே எஞ்சினை இயக்கத் தொடங்குக. விளக்கைப் பார்த்தபின் தள்ளியும் பார்க்க.

2. உதைமிதி எவ்வகையினது என்பதை அறிந்து, தக்கவாறு கிளச் பிடியை இழுத்தோ விட்டோ உதைக்க.

3. நிறுத்தும்போது கியரில் விட்ட வண்டியை, இயக்குமுன் நியூட்ரலுக்கு மாற்றுக.

4. பாதையிலும் வள்ளத்திலும் இறங்குதுறை விளிம்பிலும் எஞ்சினை இயக்காதொழிக.

5. ஏற்றத்திலோ பாலத்திலோ எஞ்சின் நின்றபோது மட்டும், பிறேக்கையும் கிளச்சையும் பிடித்துக்கொண்டு கியரில் இயக்கலாம்.

6. உழவு இயந்திரத்தை எக்காரணம் கொண்டும் கியரில் இயக்காதொழிக. சுழல்கலப்பையின் நெம்புகோலையும் பார்க்க.

7. கிளச் பிடியில்லாத வண்டியையும் உழவு இயந்திரத்தையும் பழகாதவர் கையிற் கொடாதொழிக.

முடிவுரை

மாட்டை நுகத்திற் பூட்டுமுன் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பதும், கிணற்றில் இறங்குமுன் படியைச் சோதிப்பதும் கமக்காரர் தம் முன்னோரிடம் கற்ற பழக்கங்கள். இயந்திரத்தை இயக்குமுன் நியூட்ரலைச் சோதிப்பதும் அவற்றோடு சேர்தல் வேண்டும். வீட்டிலுள்ள இளைஞருக்கு ஓட்டப் பழக்கும்போது, ஓட்டுதலுக்கு முன்னதாக இச்சோதனையையே முதற் பாடமாகக் கற்பித்தல் நன்று. உழவு இயந்திரத்தின் நெம்புகோல்களைப் பற்றி ஐயமுடையோர், விதைப்புக் காலத்துக்கு முன்னரே தமது பகுதி விவசாயப் போதனாசிரியரிடமோ கமநல சேவை நிலையத்திலோ கேட்டுத் தெளிதல் வேண்டும். முதல் மழை விழுந்தபின் அதற்கு ஓய்வு கிடையாது.